யாரும் கத்தவில்லை

ஜூன் 10, திங்கள்

தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலைவிட்டு இறங்கியதுமே உப்புக்காற்றும் மீன் வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறின. நெட்வொர்க் எக்ஸ்பர்ட் சான்றிதழ் வாங்கிவிட்டால் சிங்கப்பூர், துபாய் என்று பறக்கலாம் என்று பயிற்சி மையத்தில் ஆசை காட்டினார்கள். எனக்கு வாய்த்தது இறால் கம்பெனி.

புலம்பக் கூடாது. எட்டு மணி நேர லேப் தேர்வை மூன்றாவது முயற்சியில் பாஸ் செய்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு சைட்டைத் தனியாக என் கையில் கொடுத்திருக்கிறார்கள். இறாலையும் மீனையும் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் இந்தத் தொழிற்சாலையின் பழைய நெட்வொர்க்கைப் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். ஆகஸ்ட்டில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக் குழு வருகிறது. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று அவர்களுக்குப் பட்டியல் கொடுக்கவேண்டும். அதில் ஒன்றுகூட ‘தெரியாது’ என்று இருக்கக் கூடாது. நன்றாக முடித்தால் பெங்களூரில் நெட்வொர்க் ஆர்க்கிடெக்ட் பதவி என்று என் மேலாளர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

இரவு மேகலா போன் செய்தாள். “சாப்டீங்களா, ரூம்ல ஃபேன் ஓடுதுங்களா?” என்று கேட்டாள். பாப்பாவுக்கு இரண்டாவது பல் முளைத்திருக்கிறதாம்.

ஜூன் 12, புதன்

பிளான்ட் மேனேஜர் பொன்சிங் நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. என் விசிட்டிங் கார்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “பேரு சென்னியப்பன், கீழ எக்ஸ்பர்ட்டுன்னு போட்டு ஒரு நம்பரும் போட்டிருக்கு. ஏயப்பா! எங்களுக்கு டைட்டஸ்னு ஒரு டிப்ளமா பையன் இருந்தான். எல்லாத்தையும் அவந்தான் பாத்தான். இப்ப கத்தார்ல இருக்கான். எதாச்சும் சந்தேகம்னா அவனுக்கு ஒரு போனப் போட்டுருங்க” என்று எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். டிப்ளமா பையனிடம் கேட்டு வேலை பார்க்கவா இரண்டு வருடம் தூக்கத்தைத் தொலைத்தேன்?

ஜூன் 14, வெள்ளி

மூன்றாம் குளிர் அறைக்குள் போனேன். அங்கே பெட்டிகளை எண்ணி எழுதும் பிரகாசி அக்காதான் கூட்டிப்போனார். நாற்பத்தைந்து வயது இருக்கும், இந்த அறையில் மட்டும் பதினோரு வருடம். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன சார், கல்யாண வீட்டுக்கு வந்த மாரி சட்ட போட்டு வந்திருக்கிய? இப்படியே உள்ள போனா வெறச்சிப்போயிருவிய.”

கனத்த கோட்டும் கையுறையும் கொடுத்தார். உள்ளே மைனஸ் இருபது. முதல் மூச்சிலேயே மூக்குமயிர் உறைந்து குத்தியது. அட்டைப்பெட்டிகள் கூரைவரை நின்றன. கதவை மூடியதும் வெளிச் சத்தம் மொத்தமும் அறுந்து, கம்ப்ரஸரின் ஒற்றை முனகல் மட்டும் கேட்டது. எனக்கு இரண்டு நிமிடம் தாங்கவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

“உள்ள மாட்டிக்கிட்டா இத அமுக்கணும் சார். பச்ச லைட்டு எரியும். எரிஞ்சிச்சின்னா வெளிய தகவல் போயிட்டுன்னு அர்த்தம். கேட்டுல இசக்கி அண்ணன் ரூம்ல மணி அடிக்கும், ஓடிவந்து தெறப்பாவ.”

“அமுக்கிப் பாத்திருக்கீங்களா அக்கா?”

“நான் எதுக்கு அமுக்க? மாதா புண்ணியத்துல இதுவர தேவப்படல.”

மணி சமாச்சாரமெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. என் பட்டியலில் வராது.

ஜூன் 18, செவ்வாய்

சரியாக மாலை நாலு பத்துக்கு என் மேசை போன் அடித்தது. திரையில் 4407 என்று எண். எடுத்து “ஹலோ” என்றேன். பதில் இல்லை, தூரத்தில் ஒரு முனகல் மட்டும் கேட்டது. இருபது நொடியில் தானாகவே துண்டித்துக்கொண்டது. கம்பெனியின் போன் பட்டியலில் 4407 என்று ஓர் எண்ணே கிடையாது.

ஜூன் 19, புதன்

நாலு பத்து. மறுபடியும் அதே.

ஜூன் 24, திங்கள்

ஒரு நாள் தவறாமல் அடிக்கிறது. இன்று “யாருங்க அது, பேசித் தொலைங்க” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு, அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது மாதிரி இருந்தது. நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

பிறகு சர்வர் அறையில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். என் மாமனாருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சுவிட்ச் என்பது வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு பெட்டி. ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் எங்கோ போகும். 4407 வருவது பதினேழாம் போர்ட்டிலிருந்து. அந்தப் போர்ட்டின் குறிப்பில் டைட்டஸ் எழுதியிருக்கிறான்: “இத மூடாதிய. சந்தேகம்னா என்னக் கேளுங்க.”

எங்கே போகிறது, என்ன கருவி, ஒன்றும் கிடையாது. குறிப்பு எழுதுகிற லட்சணம்!

ஜூன் 26, புதன்

பதினேழாம் கேபிளைக் கருவி வைத்துப் பின்தொடர்ந்தேன். கூரை வழியாகப் போய், மூன்றாம் குளிர் அறையின் தடித்த சுவருக்குள் நுழைகிறது. வெளியே வரவில்லை. உள்பக்கம் போய்ப் பார்த்தேன், ஒரு முழம் கனத்துக்கு வெண்பனி படிந்திருக்கிறது. சுவரை அறுக்க பொன்சிங் சம்மதிக்க மாட்டார்.

வெளிச்சுவரில் காதை வைத்துக் கேட்டேன். போனில் கேட்கிற அதே முனகல். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பிரகாசி அக்கா.

“செவத்துல என்ன சார் கேக்கிய? யாரும் பேசுதாவளா?”

ஆமாம் அக்கா, உங்களைத்தான் கேட்டாங்க என்று சிரித்து மழுப்பினேன்.

ஜூலை 1, திங்கள்

எங்கே போகிறதென்று தெரியாத போர்ட்டுகள் எட்டு மிச்சம். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பாடத்தில் கிடையாது, ஆனால் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். தெரியாத போர்ட்டை மூடிவிட்டுக் காத்திருக்கவேண்டும். யார் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்களோ, அவர்களுடையது அது. இரண்டு வாரம் யாரும் கத்தவில்லையென்றால் அந்தப் போர்ட் யாருக்கும் வேண்டாதது. கத்தல் சோதனை என்று பெயர்.

இன்று ஏழு போர்ட்டுகளை மூடினேன். பத்தாவது நிமிடம் கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்றார். “சார், டிவில படம் நின்னுபோச்சி, கதாநாயகியக் கடத்திட்டுப் போறான் சார்!” வயிறு வலிக்கச் சிரித்தேன். மாலைக்குள் ஐந்துக்கு ஆள் தெரிந்துவிட்டது.

ஜூலை 3, புதன்

காலை பத்தேகாலுக்குப் பதினேழாம் போர்ட்டை மூடினேன்.

டைட்டஸை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மேகலா சொன்னாள். நெட்வொர்க் பேச்சை எடுத்தாலே தூங்கிவிடுகிறவள், இன்று மட்டும் தூங்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

நேற்றும் இன்றும் நாலு பத்துக்குப் போன் அடிக்கவில்லை. நிம்மதி. ஆனாலும் நாலேகால்வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

துணி துவைத்தேன். யாரும் கத்தவில்லை.

ஜூலை 17, புதன்

இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒரு போன் இல்லை, ஒரு புகார் இல்லை. பதினேழாம் போர்ட்டுக்கும் ஆள் தெரியாத மற்ற இரண்டுக்கும் நேரே ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிப் பட்டியலை முடித்தேன். ‘தெரியாது’ என்று ஒன்றும் மிச்சமில்லை. பெங்களூர் மேலாளர் கைதட்டும் பொம்மை அனுப்பினார். பிரகாசி அக்கா வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்து கொடுத்தார். “ஒத்தையில கெடக்கிய, நல்லாச் சாப்பிடுங்க” என்றார். நான்கு தோசை உள்ளே போனது.

ஜூலை 19, வெள்ளி

பிரகாசி அக்கா மூன்றாம் அறையில் மாட்டிக்கொண்டார்.

காலை பதினொன்று இருபதுக்கு உள்ளே போனவர். பகல் பன்னிரண்டரைக்கு லோடு ஏற்றும் ஆட்கள் கதவைத் திறந்தபோது பெட்டிகளுக்கு இடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். உள்பக்கக் கைப்பிடியில் பனி இறுகிக் கதவு திறக்காமல் போயிருக்கிறது. கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. ஒரு கையில் கையுறை இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பார்த்தேன். கை மெழுகு நிறத்தில் இருந்தது.

அந்த ஒரு மணி நேரமும் நான் என் மேசையில்தான் இருந்தேன். போன் அடிக்கவில்லை. சத்தியமாக அடிக்கவில்லை. அடித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேனா?

கேட்டில் மணியும் அடிக்கவில்லை என்று இசக்கி அண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, சனி

காலை ஏழு மணிக்கே போனேன். சர்வர் அறையில் சின்ன வேலை ஒன்று இருந்தது, முடித்தேன். அந்தச் சுவிட்ச் பழையது. ரீஸ்டார்ட் செய்தால் நல்லது என்று அதையும் செய்தேன். பழைய பதிவுகள் போய்விடும், அது எல்லாச் சுவிட்சிலும் நடப்பதுதான்.

பிறகு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடைக்காரர் “கழுத்த ஆட்டாதிய சார்” என்று மூன்று முறை சொன்னார். நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது.

நாலு பத்துக்கு மேசை போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

பிரகாசி அக்காவுக்கு இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை.

பட்டனை அமுக்கினேன், பச்சை லைட் எரிந்தது என்கிறார். மணி அடிக்கவில்லை என்கிறார் இசக்கி அண்ணன். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்பது பொன்சிங்கின் முடிவு. தணிக்கைக் குழு வருவதற்குள் விசாரணையை முடித்தாக வேண்டுமாம்.

“அந்தப் பட்டனுக்கும் ஒங்க நெட்வொர்க்குக்கும் சம்பந்தம் உண்டுன்னு டைட்டஸ் அந்தக் காலத்துல எதோ சொன்னான். நமக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீங்க எக்ஸ்பர்ட்டு. பாத்து ஒரு ரிப்போர்ட்டு குடுத்துருங்க சார்” என்றார்.

ஒருவரின் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லி அவரிடமே கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குள் ஓடியது. வெளியே “சரிங்க, பாத்தர்லாமுங்க” என்றேன்.

ஜூலை 24, புதன்

விசாரணைக் கமிட்டிக்கு முன்னால் பட்டனைச் சோதித்தார்கள். பிரகாசி அக்கா கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தார். மகள் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லோடுமேன் ஒருவர் உள்ளே போய் அமுக்கினார். பச்சை லைட் எரிந்தது. கேட்டில் மணி கணீரென்று அடித்தது. அதே நேரம் என் மேசை போனும் அடித்தது. எல்லாம் கச்சிதம்.

“மணி நல்லாத்தான அடிக்கு பிரகாசி? அன்னைக்கு மட்டும் எப்படி அடிக்காமப் போச்சி?” என்றார் பொன்சிங்.

“நான் அமுக்கினேன் சார். கையுறையக் கழத்திட்டுல்லா அமுக்கினேன்.”

“சரி, கதவயாவது தட்டினியா? வெளிய அஞ்சு பேரு பெட்டி அடுக்கிட்டு இருந்தாவ. ஒருத்தன் காதுலயும் தட்டுன சத்தம் விழலயே.”

“தட்டல சார்.”

“ஒரு மணி நேரம் தட்டாம உள்ள உக்காந்திருந்தியா? ஏன்?”

அக்கா பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“வேலைக்கு ஓபியடிச்சிட்டு உள்ள கண்ணசந்துட்டா, அவ்ளோதான்” என்று யாரோ பின்னால் சொன்னார்கள். மைனஸ் இருபதில் எவன் கண்ணசருவான்? எனக்கு வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஜூலை 25, வியாழன்

ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு தகவல் போய் வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். சுவிட்சை ரீஸ்டார்ட் செய்தாலும் அதில் உள்ளது போகாது. எனக்கு அது நினைவில் இல்லை. இன்று பதறிப்போய்த் திறந்தேன்.

ஜூலை மூன்று காலை பத்தேகாலிலிருந்து கோடு தரையோடு கிடக்கிறது, பூஜ்யம். அது எதிர்பார்த்ததுதான்.

பத்தொன்பதாம் தேதி பதினொன்று இருபத்து நாலிலிருந்து பன்னிரண்டு முப்பது வரை ஒரு மெல்லிய கோடு எழும்பியிருக்கிறது. போவதும் வருவதும் ஒரே அளவு. இரண்டு பேர் போனில் பேசினால் ஆகிற அளவு.

போர்ட் மூடியிருந்தது. மூடிய போர்ட்டில் ஒரு துளித் தகவல்கூடப் போகாது, வராது. அதை நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மென்பொருள் பழசு. கோளாறு.

நாலு முறை மூடித் திறந்து பார்த்தேன். கோடு அங்கேயே இருக்கிறது.

ஜூலை 27, சனி

நாலு பத்துக்குப் போனை எடுத்தேன். முனகல். இருபது நொடி. வைத்துவிட்டேன். வைத்த பிறகும் காதில் இருந்தது. லாட்ஜ் அறையில் ஃபேனை நிறுத்தினேன், அப்போதும் இருந்தது.

நேற்று பனிமய மாதா கோயிலில் கொடி ஏற்றிவிட்டார்களாம். தெருவெல்லாம் விளக்கு.

ஜூலை 28, ஞாயிறு

கடைசியில் டைட்டஸுக்குப் போன் செய்தேன். பெயர் சொன்னதும் “சொல்லுங்க சார், எக்ஸ்பர்ட் சார்தான? பொன்சிங் அய்யா சொன்னாவ” என்றான். குரலில் அவ்வளவு மரியாதை.

பதினேழாம் போர்ட் எங்கே போகிறது என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்.

“அது மூணாம் ரூம் சிவப்புப் பட்டன் சார். செவத்துக்குள்ள ஒரு போன் பெட்டி இருக்கு. அமுக்கினா கேட்டு ரூமுக்கும் ஒங்க டேபிளுக்கும் ஒண்ணா அடிக்கும். டெய்லி நாலு பத்துக்கு அதுவா ஒங்களுக்கு அடிச்சி, லைன் நல்லாருக்குன்னு சொல்லும். எடுத்துட்டு வச்சாப் போதும். அடிக்கலன்னாதான் நாம ஓடணும்.”

“பச்சை லைட்டு?”

“அது பட்டன்லயே இருக்க லைட்டு சார். லைன் செத்துக் கெடந்தாலும் எரியும். மாத்தணும்னு நெனச்சிட்டே இருந்தேன், அதுக்குள்ள விசா வந்துட்டு.”

அதற்கு மேல் எனக்கு நடிக்க வரவில்லை. கத்தல் சோதனை செய்தேன், யாரும் கத்தவில்லை என்று சொன்னேன்.

“கத்துறதுக்கு இருந்த ஒரே லைனே அதான சார்” என்றான். பிறகு, “பிரகாசி அக்கா நல்லாருக்காவளா?” என்று கேட்டான். அவனுக்கு அக்கா வருடா வருடம் கருவாடு கட்டிக் கொடுத்து அனுப்புவாராம்.

ஜூலை 30, செவ்வாய்

பிரகாசி அக்காவை வேலையைவிட்டு நீக்கும் கடிதம் தயாராகிவிட்டது. வேலை நேரத்தில் உறங்கியது, விசாரணையில் பொய் சொன்னது. இசக்கி அண்ணனுக்கும் எச்சரிக்கை. என் ரிப்போர்ட் வந்ததும் கையெழுத்து.

ரிப்போர்ட்டில் ஒரே வரி போதும். ‘லைன் நல்ல நிலையில் இருக்கிறது.’ பொய்கூட இல்லை, இன்றைக்கு இருக்கிறது. எழுதினால் பெங்களூர். எழுதாவிட்டால் இரண்டு வருடப் படிப்பு, மூன்று தேர்வு, பெயருக்குக் கீழே உள்ள நம்பர் எல்லாம் மண்ணாகப் போகும். இன்னொரு கம்பெனி என்னைச் சேர்க்குமா என்பது சந்தேகம்தான். மேகலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. “அந்தக்கா கையால சாப்பிட்டீங்களே” என்று அழுதாள்.

இத்தனை நாள் இந்த நோட்டிலும் நான் ஒழுங்காக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஜூலை 20 காலை ஏழு மணிக்கு நான் போனது, போர்ட்டைத் திறந்து பதிவுகளை அழிப்பதற்கு. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டும்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஜூலை 31, புதன்

ரிப்போர்ட்டை பொன்சிங் மேசையில் வைத்தேன். போர்ட்டை மூடியது நான், கேட்காமல் மூடியது நான், திறந்து மறைத்ததும் நான் என்று தேதி, நேரத்தோடு எழுதியிருந்தேன். அந்த மெல்லிய கோட்டை மட்டும் எழுதவில்லை. எழுதினால் பைத்தியம் என்று மீதியையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இத எதுக்கு எழுதுதிய? தணிக்க ஆளுங்க வர நேரம். கெட்டது நடந்துபோச்சி. மாத்திக் குடுங்க, நானும் பாக்கலன்னு இருந்துருதேன்.”

“முடியாதுங்க. எங்க ஆபீசுக்கும் தணிக்கைக் குழுவுக்கும் காலையிலயே மெயில் அனுப்பிட்டனுங்க.”

என்னையே பார்த்தார். “எக்ஸ்பர்ட்டு” என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையில் இவ்வளவு காறித்துப்ப முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 1, வியாழன்

பிரகாசி அக்கா மேலும் இசக்கி அண்ணன் மேலும் தவறில்லை என்று கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. அக்காவுக்கு வேலை இருக்கிறது. எனக்கு இல்லை. பெங்களூரிலிருந்து இரண்டே வரியில் மெயில் வந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. மூன்று பரோட்டா சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஊருக்குக் கிளம்பும் முன் பிரகாசி அக்கா வீட்டுக்குப் போனேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வாங்க சார்” என்று எழுந்திருக்கப் பார்த்தார். மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். நான் காப்பியைத் தொடாமல், தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். லைனை மூடியது நான்தான் அக்கா, அன்றைக்கு அது செத்துக்கிடந்தது அக்கா, நீங்கள் அமுக்கியது யாருக்கும் போய்ச் சேரவில்லை அக்கா, என்னை மன்னிக்கவேண்டாம் என்று சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு ஒன்றும் புரியாத மாதிரி இருந்தது.

“யாருக்கும் போவலயா? என்ன சார் சொல்லுதிய? நீங்கதான எடுத்துப் பேசினிய?”

“நானா?”

“அமுக்கின ஒடனே பட்டனுக்கு மேல இருக்க ஓட்ட வழியா சத்தம் வந்துச்சே. ‘கொஞ்சம் பொறுங்க அக்கா, வந்தர்றனுங்க’ன்னு. ஒங்க ஊருப் பேச்சு. இங்க வேற யாரு சார் அப்படிப் பேசுவா? நடுநடுவுலயும் வந்துச்சி. ‘தட்டாதீங்க, கைய மடக்கி வச்சுக்குங்க, இதோ வந்தர்றனுங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்திய. அதக் கேட்டுட்டுத்தான் தட்டாம உக்காந்திருந்தேன்.”

அக்கா, அந்த லைன் மூடியிருந்தது, நான் பேசவில்லை என்று மறுபடியும் சொன்னேன். குளிரில் மூளை அப்படியெல்லாம் காட்டும் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் நம்பிக்கை இல்லை. சின்னப் பிள்ளை பொய் சொல்லும்போது பெரியவர்கள் ஆட்டுவார்களே, அப்படி ஆட்டினார்.

“பொன்சிங் சாரு ஏன் தட்டலன்னு அத்தன தடவ கேட்டாவல்லா. ஒங்க பேரச் சொல்ல எனக்கு மனசு வரல சார். பச்சப் புள்ளக்காரரு, வந்த எடத்துல வேலைக்கு மோசம் வந்துரக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். வேற யார்ட்டயும் சொல்லவும் மாட்டேன்.”

கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் குரலில் சண்டை இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். வாரேன் வாரேன்னு அவ்ளோ நேரம் சொன்னிய. ஏன் வரல?”